மீசைமுனிக்கு நாலு கேள்வி

என் வீட்டுக்காரர் மாரீஸ்வரனைப் பற்றி நான் நல்லபடியாக நாலு வார்த்தை பேசினால் எங்கள் எருத்தேன்பதியில் யாரும் நம்பமாட்டார்கள். முப்பது வருஷமாக அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே குடித்தனம் நடத்தியவள் நான். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை பூசுவார், அதற்கொரு திட்டு. கடலைக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார், அதற்கொரு திட்டு. ஆனாலும் போன ஆடி அமாவாசைக்குப் பிறகு நான் கடைவீதியில் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பீற்றல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பூசாரி. ஊருக்கு மேற்கே மாந்தோப்பு முடிகிற இடத்தில், பனைமரங்களுக்கு நடுவில் இருக்கிறது மீசைமுனி கோயில். கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. நாலு கல்தூண், மேலே ஓடு, முன்னால் பூட்டுகிற ஒரு கம்பிக்கதவு, அதற்குள் ஒரு துணித்திரை. உள்ளே முனி. முறுக்கிவிட்ட மீசை, பிதுங்கி நிற்கும் வெள்ளிக்கண், தோளில் சாய்த்த அரிவாள், காதை மறைத்த தலைப்பாகை, கழுத்துவரை சுற்றிய சிவப்புத் துணி. கோயில் கேரளத்தில் இருந்தாலும் கும்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள். கோழி அறுப்பார்கள், கள்ளு வைப்பார்கள், சுருட்டுப் பற்றவைப்பார்கள். எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அஷ்ரஃப், சாமிக்கென்று நல்ல சுருட்டாகத் தனியே எடுத்து வைத்திருப்பான்.

ஆனால் முனியின் பேர் பரவியது கோழியாலும் சுருட்டாலும் இல்லை. சத்தியத்தால். திருட்டுப் பழியா, எல்லைக்கல் தகராறா, மொட்டைக் கடுதாசியா, போலீசுக்குப் போவதற்கு முன்னால் எங்களிடம் வந்துவிடுவார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சொன்னது பொய்யென்றால் நாற்பத்தெட்டு நாளுக்குள் முனி அடித்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

சத்தியத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்தக் கோயிலிலும் நான் பார்த்ததில்லை. சத்தியம் செய்ய வந்தவரைப் பூசாரி கீழே உட்கார வைத்து நாலு கேள்வி கேட்பார். உனக்கு என்ன வலி? அது எதுனால வந்துது? அது தீருமா? தீர நீ என்ன பண்ணோணும்? அவ்வளவுதான். குழந்தைக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற எங்கள் ஊரில், அந்த இடத்தில் மட்டும் எல்லாருக்கும் 'நீ'தான். போலீஸ் ஏட்டு வந்து உட்கார்ந்தாலும் 'நீ'தான். என் மாமனார் காலத்திலும் அப்படி, அவருக்கு முந்தியும் அப்படி.

இந்த நாலு கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு தடவை இரண்டு அண்ணன் தம்பிகள் கிணற்று மோட்டார் காணாமல் போன தகராறில் வந்தார்கள். மூத்தவனை உட்கார வைத்து, என்ன வலி என்று கேட்டார். மோட்டார் போய்விட்டது என்றான். இவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, தம்பி ஆறு மாதமாக என்னோடு பேசுவதில்லை என்றான். நாலாவது கேள்வி வருவதற்குள் இரண்டு பேரும் அழுதார்கள். கற்பூரம் பற்றவைக்கவே இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் சத்தியம் செய்யாமலே வீடு திரும்பிவிடுவார்கள்.

கேள்வியைக் கேட்டுவிட்டு இவர் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அது ஆகவே ஆகாது.

"நாயம் கேக்கறப்பக்கூட தூங்கறீங்களே மாமா, பாக்கறவிய என்ன நெனைப்பாங்க?" என்பேன்.

"கண்ணத் தொறந்தா மூஞ்சிதான் புள்ள தெரியுது. மூடுனாத்தான் பேச்சு கேக்குது. எங்கய்யனும் இப்பிடித்தான்" என்பார்.

சாக்குச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

சித்திரையில் மௌனிகா வந்தாள். தெற்குத் தோட்டத்துப் பெண். பக்கத்துச் சித்தூர்க் காலேஜில் சரித்திரம் எம்.ஏ. படிக்கிறாள். ஊர் வழக்கங்களைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே கேட்டாள், நானும் அளந்துகொண்டிருந்தேன். நாலு கேள்வி வந்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள்.

"அக்கா, இது புத்தர் சொன்னதுங்க."

"எந்தப் புத்தரு?"

"ஒரே புத்தருதானுங்க்கா. மனுசனுக்குத் துக்கம்னு ஒண்ணு இருக்குது. அது சும்மா வர்றதில்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்குது. காரணத்த எடுத்துப்போட்டா துக்கமும் போயிரும். எடுக்கறதுக்கு ஒரு வழி இருக்குது. ரெண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி அவரு சொன்ன நாலு உண்மைங்க இது. உங்க மாமா அதையே கேள்வியாக் கேக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏஞ்சாமி, இவரு கள்ளுக் குடிக்கற முனி. மாசம் முப்பது கோழி திங்கறாரு. அவரா புத்தரு?"

அவள் சிரிக்கவில்லை. மலைக்கு நடுவில் இருக்கிற இந்தக் கணவாய் வழியாகத்தான் அந்தக் காலத்தில் வணிகர்கள் கடலுக்குப் போய் வந்தார்களாம், அவர்களோடு புத்த பிட்சுக்களும் நடந்திருக்கலாமாம். சாயங்காலம் இவர் தோட்டத்திலிருந்து வந்ததும் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மாமா, அந்தச் செவப்புத் துணிக்குள்ள சாமிக்குக் கை எங்கீங்க இருக்குது? மடியிலயா?"

இவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். சொம்பு கையிலேயே நின்றது. "அலங்காரம் இல்லாம சாமியப் பாக்கறது வெளியாளுக்கு வழக்கமில்லீங்க, கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை நான் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும்.

மௌனிகா எழுதியதை அவளுடைய பேராசிரியர் படித்தார். அவர் தொல்பொருள்காரர்களுக்கு எழுதினார். ஆனியில் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. சிலையை வந்து பார்க்கப் போகிறோம், அதற்கு முன் கோயில் பூசாரி சிலையைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்று இருந்தது.

ஊரே கொதித்துப் போனது. அதிகமாகக் கொதித்தவர் ராஜசேகர். தேங்காய் மண்டிக்காரர், கோயில் கமிட்டித் தலைவர். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் அவர் தம்பிக்கும் எல்லைக்கல் தகராறு. கல்லை நான் நகர்த்தவில்லை என்று இங்கே வந்து கற்பூரம் அணைத்தார். நாலு கேள்விக்கும் பாடம் ஒப்பிப்பது மாதிரிப் பதில் சொன்னார். நாற்பதாம் நாள், கொழிஞ்சாம்பாறை ரோட்டில் அவர் மகன் சிவப்பிரகாஷின் பைக் மேல் மண் லாரி மோதியது. பையன் பிழைத்தான், இடது கால் மட்டும் மடங்காமல் போய்விட்டது. முனி அடித்துவிட்டது என்று ஊர் முணுமுணுத்தது. அன்றிலிருந்து முனிக்கு அவரைப் போல் பக்தன் கிடையாது. கோயிலுக்கு ஓடு மாற்றியது அவர், வெள்ளிக்கண் செய்து போட்டது அவர்.

அவர் கமிட்டி ஆட்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பூசாரி, ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க. ஆடி அமாவாசைக்கு ஊரு கூடும். எல்லார் முன்னாலயும் நீங்க கற்பூரம் அணைச்சு, இது முனிதான்னு ஒரு சத்தியம் பண்ணிப்போடுங்க. இந்தக் கோயல்ல பண்ணுன சத்தியத்த ஆருங்க மீற முடியும்? அதையே எழுதி அவிங்களுக்குத் தாட்டிவுட்டர்லாம்."

"பண்ணலீன்னா?" என்று இவர் கேட்டார்.

"பண்ணாம என்னுங்க? நாலு தலைமொறையா உங்ககிட்டத்தான சாவி இருக்குது. பண்ணலீன்னா சாவிய வேற ஆருக்காச்சும் குடுக்கோணும். சாமியயே லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னா, சாவிய வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முனியை முனி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. இவர் மட்டும் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். மேல்காற்று ஓட்டைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. இவர் கையிலிருந்த கடலையை உடைக்காமலே வைத்திருந்தார்.

"ஏம்புள்ள, அமாவாசைக்கு அமாவாசை நீ சாமி மீசைக்கு மை குழைக்கறியே, அது எதுக்குன்னு நெனச்சே?"

"எதுக்கு? மீச வெளுத்துப்போகாம இருக்கத்தான். நீங்க உங்களுக்குப் பூசிக்கறாப்பல."

"சாமிக்கு மீசையே இல்ல புள்ள."

விளக்குக் கரி, ஆமணக்கெண்ணெய், தேன்மெழுகு. முப்பது வருஷமாக, மாமனார் பூசாரியாக இருந்த காலத்திலிருந்தே, நான்தான் குழைக்கிறேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை வேண்டும் என்பார். தொட்டுப் பூசுவதற்கு இத்தனையா என்று கேட்டால், சாமி மீசை பெருசு என்பார். அந்த மெழுகில்தான் முழு மீசையையும் பிடித்து ஒட்டுகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெள்ளிக்கண்ணை ஒட்டுவதும் அதே மெழுகால்தான். கீழே இருக்கிற கண் மூடிய கண். அரிவாள் கம்பியால் கட்டியது. கை இரண்டும் மடியில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கிறது. காது தோள்வரை தொங்குகிறது. பூசாரிப் பட்டம் கட்டுகிற அன்றைக்கு அப்பன் மகனுக்குத் திரைக்குள் காட்டுவது, வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது ஆணை. அது யார் என்று அவர்களுக்கும் தெரியாது. மௌனிகா கேட்ட அன்றைக்குத்தான் இவருக்கும் பேர் தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முறத்தைத் தள்ளிவிட்டேன். கட்டின பெண்டாட்டி கரி குழைக்கலாம், எதற்கென்று தெரிந்துகொள்ளக் கூடாதா? நன்றாகத் திட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். திட்டி முடித்ததும் எனக்குப் பயம் வந்தது. சாவி போய்விடும். நாலு தலைமுறைக் கோயில் போய்விடும். மகளைக் கட்டிக்கொடுத்த உடுமலைப்பேட்டைச் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? பூசாரி என்ற பேர் போனால் இந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது? நான் புத்திசாலித்தனமாக ஒன்று யோசித்தேன்.

"மாமா, நான் சொல்றதக் கேளுங்க. சத்தியம் பண்ணிப்போடுங்க. உள்ள இருக்கறது முனியா இருந்தா, நீங்க சொல்றது நெசம், அடிக்காது. புத்தரா இருந்தா அவரு ஆரையும் அடிக்கமாட்டாராம், மௌனிகா சொன்னா. எப்பிடிப் பாத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

இவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்தது மாதிரி இருந்தது.

"அடிக்கற சாமிகிட்டப் பொய் சொல்லீருவன் புள்ள. வாங்கிக்கலாம், தீந்துது. அடிக்காதவருகிட்ட எப்பிடிச் சொல்றது?"

முறத்தை எடுத்து மிச்சக் கடலையை உடைத்தேன்.

ஆடி அமாவாசை காலையில் எட்டு மணிக்கே பனைமரத்தடியில் கூட்டம் நெருக்கியடித்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து டெம்போ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மௌனிகா ஒரு ஓரமாக முகம் வெளுத்து நின்றாள். தன்னால்தானே இத்தனையும் என்று அவளுக்கு. நான் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ராஜசேகர் கற்பூரத் தட்டை நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"நாலு கேள்வி கேக்காம இங்க ஆரும் சத்தியம் பண்ணுனதில்லீங்க. எனக்கு ஆரு கேக்கறது?"

கூட்டத்தில் சலசலப்பு. யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. பூசாரியே சத்தியம் செய்வது இதுவரை நடந்ததில்லை. கேள்வி கேட்கிற உரிமை பூசாரி வீட்டுக்கு மட்டும்தான். மாமனார் இல்லை, இவருக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை, எங்களுக்கு மகன் இல்லை.

"கேள்வியெல்லாம் இன்னிக்கு வேண்டாமுங்க, நேரமாகுது" என்றார் ராஜசேகர். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. முறை தப்பினால் சத்தியம் செல்லாது என்று பொள்ளாச்சிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். ராஜசேகர் எரிச்சலோடு சுற்றிலும் பார்த்து, "பூசாரி ஊட்டு ஆளுன்னா பூசாரியம்மா இருக்கறாங்கல்ல, அவிங்களே கேக்கட்டும். நாலு வார்த்தைதான?" என்றார்.

அந்தக் கல்தூணுக்கு உள்ளே நான் கால் வைத்ததில்லை. எந்தப் பெண்ணும் வைத்ததில்லை. இவர் அதற்குள் கீழே உட்கார்ந்துவிட்டார், சத்தியம் செய்ய வருகிறவர்கள் உட்காருகிற அதே இடத்தில். நான் போய் அவர் இடத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் சாமி.

முப்பது வருஷத்தில் இவரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட 'ங்க' இல்லாமல் திட்டியதில்லை. இப்போது ஊர் முன்னால் 'நீ' என்று சொல்ல வேண்டும். இவர் தலையை நிமிர்த்தி, கேளு என்பது மாதிரிப் பார்த்தார்.

"உனக்கு என்ன வலி?"

"என்ர சாமி மூஞ்சிய நானே மறைச்சிட்டிருக்கறன். பட்டம் கட்டுன இருபத்தாறு வருசமா, அமாவாசைக்கு அமாவாசை."

ராஜசேகர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது எதுனால வந்துது?"

"பயத்துனால. மீச இல்லாத சாமிய ஊரு மதிக்காதுன்னு எங்கய்யன் பயந்தாரு, அவரு அய்யனும் பயந்தாரு. சாமி போனாச் சாவி போயிரும், சாவி போனா அப்பறம் மாரீஸ்வரன்னு ஆருன்னு நான் பயந்தன். அந்தச் சாவியக் கெட்டியாப் புடிச்சதுனால வந்த வலிதான் இது."

"அது தீருமா?"

பனையோலை சலசலத்தது. யாரோ கொண்டுவந்த சேவல் ஒன்று கூவி நிறுத்தியது.

"தீரும்."

"தீர நீ என்ன பண்ணோணும்?"

இவர் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்த் திரையை இழுத்தார். அரிவாளின் கம்பியை முறுக்கிக் கழற்றிக் கீழே வைத்தார். வெள்ளிக்கண் இரண்டையும் எடுத்து, பத்திரமாக, ராஜசேகர் கையில் கொடுத்தார். தலைப்பாகையையும் சிவப்புத் துணியையும் அவிழ்த்தார். கடைசியில், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த வெந்நீரில் துணியை நனைத்து மீசையை ஒத்தி ஒத்தி எடுத்தார். நான் குழைத்த கரி கன்னத்தில் வழிந்தது. அதையும் துடைத்தார், பிள்ளைக்கு முகம் துடைப்பது மாதிரி.

பிறகு கற்பூரம் ஏற்றி உள்ளங்கையால் அணைத்தார். "இவரு முனி இல்லீங்க. எங்க ஊட்டாளுக உங்களுக்குச் சொல்லாம மறைச்சிட்டம். இது சத்தியம்."

அங்கே உட்கார்ந்திருந்தவரை நானும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மூக்கு நுனி கொஞ்சம் உடைந்திருந்தது. தலையெல்லாம் சுருள். மடியில் கை. கண் மூடியிருந்தது. கையில் ஒரு ஆயுதமும் இல்லாமல் இத்தனை வருஷம் எங்கள் அரிவாளைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். மௌனிகா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கல் விழும், அடி விழும் என்று நான் எதிர்பார்த்தேன். இவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், என்னைத் தாண்டித்தான் விழ வேண்டும் என்று. ஒன்றும் விழவில்லை. ஒரு நெகமத்துக்காரப் பெண்தான் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, அப்ப இதை என்ன பண்றதுங்க?"

"ஊட்டுக்குக் கொண்டுபோயி வளத்துங்க" என்றேன்.

"அப்ப சுருட்டு?" என்று கடையிலிருந்து அஷ்ரஃப் கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ராஜசேகர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் இடுப்பில் செருகியிருந்த சாவிமேல் கை வைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப இவரு... அடிக்கமாட்டாரா?"

"ஆரையும் அடிக்கமாட்டாருங்க" என்றார் இவர்.

"அப்ப என்ர பையன் காலு?"

"அது மண்ணு லாரி அடிச்சதுங்க. உங்க பொய்யி அடிக்கலீங்க."

ராஜசேகர் மகனைத் தேடினார். கூட்டத்தில் சிவப்பிரகாஷ் ஒரு காலை நீட்டியபடி பனைமரத்தில் சாய்ந்து நின்றான். பதினோரு வருஷமாக அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து இந்த மனுஷன் தினமும் செத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ஒட்டிய மீசையல்லவா அவரை அப்படி மிரட்டியது.

"அப்ப நான் சொன்ன பொய்யி?" என்று கேட்டார்.

"அது இன்னும் உங்ககிட்டத்தான் இருக்குதுங்க."

ராஜசேகர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். இவர் சற்று முன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். தம்பி கூட்டத்தில் இருக்கிறானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இருந்தான்.

"எங்கிட்டக் கேளுங்க, பூசாரி. இந்தத் தடவ ஒழுங்காச் சொல்றன்."

தொல்பொருள்காரர்கள் மறுவாரம் வந்தார்கள். அளந்தார்கள், படம் பிடித்தார்கள், மௌனிகாவைக் கூட வைத்துக்கொண்டு எழுதினார்கள். சிலை இங்கேயே இருக்குமா, எடுத்துப் போவார்களா என்று இன்னும் சொல்லவில்லை. சாவி இப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவோம். கள்ளும் கோழியும் நின்றுவிட்டன, வருகிற கூட்டமும் பாதியாகிவிட்டது. ஆனால் வருகிறவர்கள் கேள்விக்காக வருகிறார்கள். அந்த நாலு கேள்வியை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது. நானும் இப்போது கேட்கிறேன், வாரத்தில் இரண்டு நாள். என் முறை வந்தால் நல்ல கூட்டம், இவரைவிட அதிகம்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. ராஜசேகர் கீழே உட்கார்ந்த அந்த ஒரு நிமிஷம்.

இவர் வந்து தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரி படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். "உனக்கு என்ன வலி?" என்று கேட்டுவிட்டு, எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டார். ராஜசேகர் பேச ஆரம்பித்தார். நான் இவரைப் பார்த்தேன். இவருக்குப் பின்னால், திரை விலகிய இடத்தில், அதே மாதிரி மடியில் கை வைத்து அதே மாதிரி கண்ணை மூடி இருந்தவரைப் பார்த்தேன். மறுபடி இவரைப் பார்த்தேன். அப்பனும் பாட்டனும் பேர் தெரியாமலே அவரிடம் கற்றுக்கொண்டதை இந்த மனுஷன் இருபத்தாறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார். நான் அதைத் தூக்கம் என்று திட்டியிருக்கிறேன்.

இப்போதும் திட்டுகிறேன், மீசை மைக்கும் வரப்புக்கும். கண்ணை மூடுவதற்கு மட்டும் திட்டுவதில்லை.